அரையடி

மூணாறு தலைப்பில் எனக்கு ஷட்டர் வேலை.
போன் வரும்:
'கோரையாத்துல அரையடி ஏத்து.'
சக்கரம் சுற்றுவேன்.
முதல் இருபது சுற்றுக்கு ஆறு வாய் திறக்காது.
பிறகு அடியில் எங்கோ
பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல் ஓர் ஓசை
மெல்ல அகலும்.
அது எந்தச் சுரம் என்று எழுத
பதிவேட்டில் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டுத்
தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.
மடியில் கிட்டார்.
அம்மாப்பேட்டையில் ஏறியவர் கேட்டார்,
'மருந்தடிக்கிற மெஷினா தம்பி?'
ஆமாம் என்றேன். நின்றுகொண்டு வந்தவருக்கு
அதைவிட நீளமாகப் பதில் சொல்ல முடியாது.

'வா பெடல் வேணும்.'
'வாங்க வாங்க' என்றார் இன்னாசி.
வாங்கத்தான் வந்தேன்.
மூன்றை எடுத்து வைத்தார்.

புதியதில் தெர்மகோல் வாசனை.
ஒன்பதாயிரத்து எண்ணூறு.
முக்கால்வாசி அமுக்கும்வரை ஊமை,
கடைசி விரற்கடையில் ஒரே கத்தல்.
பாமணியாற்றில் ஒரு ஷட்டர் இப்படி உண்டு:
தராது, தராது, தராது,
தந்தால் கரை போகும்.

இரண்டாவதில் பல்சக்கரமே இல்லையாம்,
உள்ளே ஒரு வெளிச்சம்தான் வேலை செய்கிறதாம்.
வழவழப்பு. சத்தமும் சுத்தம்.
ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று
என் காலுக்கே தெரியவில்லை.

மூன்றாவது
மஸ்கட் போன யாரோ விற்றுவிட்டுப் போனது.
பெருவிரல் படும் இடத்தில் கறுப்பு தேய்ந்து
ஈயநிறம்.
அடியில் ஆணியால் கீறிய இரண்டெழுத்து: எ.லூ.
நடுவில் ஓரிடத்தில் 'கரக்' என்றது,
பேசப் போகிறவர் தொண்டையைச் செருமுவதுபோல.
'உள்ள பாட் தேஞ்சிருக்கு,
முந்நூறு குடுத்தா மாத்திரலாம்.'

அப்போது கரண்ட் போனது.
ஆம்ப்பின் சிவப்புப் புள்ளி அணைந்தது,
மின்விசிறி இரண்டு சுற்றுக் கடனுக்குச் சுற்றியது.
என் கால் மட்டும் நிறுத்தவில்லை.
சத்தமே வராத பெடலை
அமுக்கி, விட்டு, அமுக்கி,
பாதியில் நிறுத்தி.
ஊ என்று குவிந்த வாய்
ஆ என்று திறக்கும் தூரம்
ஒன்றரை அங்குலம்.
உயிர் பன்னிரண்டு என்று படித்ததுண்டு.
இந்த ஒன்றரை அங்குலத்துக்குள்
பெயர் வைக்காமல் எத்தனையை விட்டுவிட்டார்கள்!

எங்கள் குழுவில் கீபோர்டு ஜபருல்லா கேட்பான்:
'எங்கிட்ட பட்டனே இருக்கு.
அமுக்குனா வாங்குது. கால் எதுக்குடா?'
பட்டனுக்கு 'வா' தெரியும், ஜபரு.
வாசல்வரை வந்து
கூப்பிடலாமா வேண்டாமா என்று
நிற்கிறதே ஒன்று,
அது தெரியாது.

இருட்டிலேயே பேரம்.
நாலாயிரத்து நூறு, மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
பாட்டை மாற்ற வேண்டாம் என்றதும்
இன்னாசி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்,
பார்த்திருப்பார்,
செல்போன் வெளிச்சம் அவர் கையிலிருந்த
நோட்டில்தான் விழுந்தது.

இரவு ரெகுலேட்டர் அறையில்
ஷட்டர் கிரீஸ் டப்பாவைத் திறந்து
குண்டூசி முனையளவு எடுத்து
பல்சக்கரத்தில் வைத்தேன்.
அரசாங்க கிரீஸ். மன்னிக்கவும்.
ஒன்பது வோல்ட் பேட்டரி, புதுசு.
ஒரே ஒரு தந்தி, அதையே திரும்பத் திரும்ப.
சனிக்கிழமை வலங்கைமான் ரிசப்ஷனில்
இதை யாரும் கேட்கப் போவதில்லை,
பிரியாணிக்கு நடுவே
குத்துப்பாட்டுத்தான் கேட்பார்கள்.
இருந்தாலும்.
'கரக்'கைத் தாண்டும் ஒவ்வொரு முறையும்
பல்லி ஒன்று சுவரில் அரையடி நகர்ந்தது.

போன்.
'வெண்ணாத்துல அரையடி எறக்கு. முறை மாறுது.'

கிட்டாரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு ஓடினேன்.
சுவிட்சை அமுக்க மறந்துபோச்சு.
சக்கரம் சுற்றச் சுற்ற
கீழே தண்ணீர் உதட்டைக் குவித்துக்கொண்டே போக,
அறைக்குள்
கால் எடுத்த இடத்திலேயே
பாதி திறந்து கிடந்த பெடல்,
ஊவும் இல்லாமல் ஆவும் இல்லாமல்
ஆம்ப்பின் இரைச்சலில்
ஓர் எழுத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.